ஆண்டறிக்கை, திருத்தப்படாத படி

டெல்லிக்கு அனுப்ப வேண்டியது
நான்கு பக்கம், இரண்டு படம்.
'வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழே
ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள்,
தீப்பெட்டி அளவுக்கு.

எழுதுகிறேன்.
போன ஏப்ரலில் எங்களிடம் எழுபத்தொரு பொருள்கள்.
குன்னூர் ரயிலடிக்குக் கீழே
உருளைக்கிழங்குக் கிடங்காய் இருந்த கட்டடம்,
இன்னும் மண்வாசம் போகாத சுவர்.
தேசிய வடிவமைப்பு அருங்காட்சியகம் என்று
பலகை மாட்டிய அன்று
ஒருவர் லாரியோடு வந்து
மூட்டைக்கு இன்று என்ன விலை என்றார்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மே மாதம் மலர்க் காட்சிக் கூட்டம்.
பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்,
மீதிப் பேர் கழிப்பறை எங்கே என்றவர்கள்.
எல்லோரையும் எண்ணினோம்.
ஆண்டு முழுக்க
பதினோராயிரத்து நானூற்று ஆறு.
அந்த ஆறில் ஒன்று நாய்.
சீட்டு வாங்கவில்லை,
ஆனால் கடைசி அறை வரை போனது அது ஒன்றுதான்.

புதிதாய்ச் சேர்ந்தவை:
குக்கர் வெயிட்டுகள், ஒன்பது கம்பெனி.
இடுப்பின் வளைவை மனப்பாடம் செய்த பிளாஸ்டிக் குடம்.
கண்டக்டர் விரலிடுக்கில் நோட்டு மடிக்கும் விதம்,
அதை எந்த அலமாரியில் வைப்பதென்று
இரண்டு கூட்டம் நடந்தது.
தேயிலை வெட்டும் கத்தரி, பையோடு.
எல்லாவற்றுக்கும் அட்டை தட்டியவள் நான்.
பொருள், எடை, ஆண்டு.
வடிவமைத்தவர்: தெரியவில்லை.
வடிவமைத்தவர்: தெரியவில்லை.
'தெ' போட்டாலே மீதியை
கணினி தானே எழுதப் பழகிவிட்டது.

ஜூலையில் கூரை ஒழுகியது.
ஆறு வாளி வைத்தோம்.
சென்னையிலிருந்து வந்த மாணவன் ஒருவன்
வாளிகளை நெடுநேரம் பார்த்துக்
குறிப்பெடுத்துக்கொண்டு போனான்.
நான் தடுக்கவில்லை.

எடப்பள்ளிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து
சகாயமேரி வந்தது எந்த மாதமென்று
பதிவேட்டில் இல்லை.
கயிற்றைத் தாண்டிக் கை நீட்டிக்
கத்தரியைத் தூக்கிப் பார்த்தார்.
"இதால ஒரு நாள் வெட்டினா
ராத்திரி சோறு பிசைய முடியாது."
தன் கத்தரிப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியதை,
பையின் வாய்க்குக் குடைக்கம்பி கோத்ததை
காற்றிலேயே செய்து காட்டினார்.
அட்டையில் நான்
'கையாள எளிது' என்று தட்டியிருந்தேன்.
அன்றே கிழித்தேன்.

நவம்பரில் பர்லியாறில் மண்சரிவு.
ஒன்பது நாள் ஆள் வரவில்லை,
குரங்குகள் வந்தன.
இறக்குமதி ஜன்னல், இறக்குமதிக் கொக்கி,
காற்று புகாது, ஈரம் புகாது என்றது கையேடு.
குரங்கைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
ஆலோசகரின் தயிர்சாதமும்
பதிவேட்டின் செப்டம்பரும் போயின.

காவலர் போஜன் அன்று இரவு
பழைய பால்கேன் வளையத்தில்
ஒரு தாழ் செய்து மாட்டினார்.
தூக்க வேண்டும், திருப்ப வேண்டும்,
பிறகு மறந்ததுபோல் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும்.
எனக்குப் பிடிபட இரண்டு நாள்.
குரங்குக்கு நான்கு மாதமாகியும் இல்லை.

இயக்குநர் பார்த்து மகிழ்ந்து
கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்னார்.
போஜன் கேட்டார்,
"அப்போ ஜன்னலுக்கு?"
நடவடிக்கைக் குறிப்பில்
'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

ஜனவரி உறைபனியில்
ஒரே ஹீட்டரைச் சுற்றி எல்லோரும் நின்றோம்.
அதன் வடிவமைப்பு மோசம் என்பதில்
ஊழியரிடையே முழு ஒற்றுமை.

தாழ் ஜன்னலிலேயே இருக்கிறது,
ஓரத்தில் சிவப்பு மையில் இருநூற்றுப் பன்னிரண்டு.
மாலை ஐந்தரைக்கு
அருங்காட்சியகப் பொருளை வெறுங்கையால் தொட்டு
மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.
விதிப்படி கையுறை வேண்டும்.
கையுறை போட்டால் அது மூடாது.

அட்டை தட்டினேன்.
வடிவமைத்தவர் என்றதுமே
கணினி முந்திக்கொண்டு 'தெரியவில்லை' என்றது.
அழித்தேன். மறுபடி எழுதியது, மறுபடி அழித்தேன்.
ஹ. போஜன், இரவுக் காவல், கேத்தி.

டெல்லியின் கட்டத்தில் இது அடங்கவில்லை.
'இணைப்பு ஒன்று' என்று குறித்திருக்கிறேன்.
இணைப்பைக் கழற்றி அனுப்ப இயலாது.
குரங்குகள் வெளியேதான் இருக்கின்றன.